ரசனையின் மீது ஒரு வழக்கு

கண்டி நகருக்குத் தெற்கே, தேயிலை மலைகள் சூழ்ந்த ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எமது வாசகர் வட்டத்துக்கு ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். 80 பக்கக் கொப்பி. அட்டையில் ‘கணிதம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு கணக்கும் இல்லை. உயர்தர வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதிய கதைதான் இருந்தது. அக்கதையும் முழுவதும் அவளுடையதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் நந்தினியை எடுத்து, கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணாக்கியிருந்தாள். நந்தினியை மணந்த முதியவர் பெரிய பழுவேட்டரையர் இங்கே பெரிய கங்காணி. முன்னொரு காலம் அவளை விரும்பிய ஆதித்த கரிகாலன் இங்கே கணக்கப்பிள்ளையின் மகன்.

பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, மூலக்கதை முடிந்த இடத்திலிருந்தோ முடியாத இடத்திலிருந்தோ தாமே எழுதிச் செல்வதை இன்று ரசிகர் புனைவு என்கிறார்கள். பல நாடுகளில் இளைஞர்கள், அவர்களிலும் பெரும்பாலும் இளம்பெண்கள், இதை எழுதுகிறார்கள். தமக்குள் கைமாற்றிப் படிக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த ‘பொன்னியின் செல்வன்’, 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படமாக இரு பாகங்களில் வந்தபின், பாட்டிமார் படித்த நந்தினி பேத்திமாரின் நந்தினியாகவும் ஆனாள். நாவலின் இரண்டாம் பாகம் ஈழத்தில் நிகழ்கிறது. கண்டியிலிருந்து பஸ்ஸேறிப் போய்வரக்கூடிய தம்புள்ளையில் வந்தியத்தேவன் நடமாடுகிறான். எங்கள் பிள்ளைகள் அவனைத் தம் ஊரானாகக் கருதினால் வியப்பில்லை.

கொப்பி அகப்பட்ட வழிதான் எம்மைச் சிந்திக்க வைத்தது. அதை எந்த ஆசிரியரும் கண்டுபிடிக்கவில்லை. காட்டிக்கொடுத்தவர்கள் அதே வகுப்பில், அதேபோல் கொப்பியில் கதை எழுதும் மூன்று மாணவிகள். அவர்களுடைய கதையில் வந்தியத்தேவனும் குந்தவையும் மகாவலிக் கரையில் சந்தித்துத் தூய காதல் புரிந்தார்கள், தொடாமலே பேசினார்கள். நந்தினிக் கொப்பியிலோ ஓர் இரவுக் காட்சி இருந்தது. கணக்கப்பிள்ளையின் மகன் அவளைக் கன்னத்தில் அறையும் காட்சியொன்றும் இருந்தது. இப்படிப்பட்டதை எழுதுகிறவள் எப்படிப்பட்டவள், இதை விரும்பிப் படிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அம்மூவரின் கேள்வி. அது முதலில் வகுப்பறைச் சண்டையாயிற்று. பிறகு ஒழுக்கப் பிரச்சினையாயிற்று. கடைசியில் அதிபரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அதிபர் இரு தரப்புக் கொப்பிகளையும் பறித்து வைத்துக்கொண்டார். அவருக்குக் குந்தவையும் நந்தினியும் ஒன்றுதான். பரீட்சை நெருங்குகையில் பெண்பிள்ளைகள் காதல் கதை எழுதினார்கள் என்பதே அவர் கண்ட குற்றம். நந்தினிக் கொப்பியை மட்டும், விசாரித்துச் சொல்வதாகக் கேட்டு, ஆசிரியை வாங்கி வந்தார்.

பிள்ளைகளின் சில்லறைச் சண்டை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இதே வழக்கைப் பெரியவர்கள் நடத்தியிருக்கிறார்கள். முற்போக்காளர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாமும் நடத்தியிருக்கிறோம். ஒரு நூல் தீயது என்று கூறுவது ஒரு செயல். அந்நூலை விரும்பிய காரணத்தால் ஒருவர் தீயவர் என்று கூறுவது வேறொரு செயல். முன்னது விமர்சனம், நூலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. பின்னதற்கு நூலைத் திறக்கவே தேவையில்லை. அந்த மூன்று மாணவிகளும் நந்தினிக் கொப்பியில் இரண்டு பக்கங்களுக்கு மேல் படிக்கவில்லை என்று ஆசிரியை கூறினார்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்துத் தமிழ் எழுத்துலகில் நடந்த மரபுப் போராட்டத்தை நம் ஆசிரியர்கள் அறிவர். சாதாரண மக்களின் பேச்சைக் கதைகளில் கொண்டுவந்த எழுத்தாளர்கள்மீது பண்டித மரபினர் ‘இழிசனர் வழக்கு’ என்று குற்றம் சுமத்தினர். அச்சொல்லைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இழிந்த வழக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. இழிசனருடைய வழக்கு என்றார்கள். நடையைப் பற்றிய தீர்ப்பு, அந்நடையில் பேசும் மனிதரைப் பற்றிய தீர்ப்பாகவே பிறந்தது. முற்போக்கு எழுத்தாளர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். நியாயத்தின் பக்கம் நின்றார்கள். இன்று ஈழத்துச் சிறுகதையில் யாழ்ப்பாணத்து உழவனும் தோட்டத்துத் தொழிலாளியும் தத்தம் மொழியில் பேசுகிறார்கள் என்றால் அது அந்தப் போராட்டத்தின் பேறு.

ஆனால் கூண்டில் நின்று வாதாடியவர்களே பிறகு நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்ததும் உண்டு. 1961இல் வெளியான எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ நாவல், பாலுணர்வை வெளிப்படையாகப் பேசியதற்காகக் கடுமையான கண்டனங்களுக்கு உள்ளாயிற்று. அந்நாவலில் குறைகளே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் நாவலின் குறையைப் பேசுவதைக் காட்டிலும் எழுதியவனின் மனத்தைப் பேசுவது எளிது. அதைக் காட்டிலும் எளிது, படித்து மகிழ்ந்தவனின் மனத்தைப் பேசுவது.

எளிமையின் அடுத்த படி 1970களில் வந்தது. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர்கள் அதைக் கோரியவர்கள், வந்தபோது வரவேற்றவர்கள். பொருளாதார நோக்கில் அக்கோரிக்கைக்கு நியாயம் இருந்தது. தமிழ்நாட்டில் பல்லாயிரக்கணக்கில் அச்சாகி, இங்கே மலிவாக வந்து குவியும் இதழோடு, சில நூறு பிரதிகள் அச்சிடும் ஈழத்துச் சிற்றிதழ் எப்படிப் போட்டியிடும்? கட்டுப்பாட்டினால் விளைந்த நன்மையையும் மறைக்கலாகாது. வீரகேசரி பிரசுரங்கள் தோன்றின. 1973இல் பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்’றும் அவ்வரிசையில் வந்து வாசகர் கைகளை எட்டின. முன்பு பெட்டிக்குள் உறங்கியிருக்கக்கூடிய எழுத்துகள் கடைகளில் விலைப்பட்டன.

எனினும் சந்தையைப் பற்றிய வாதத்தோடு நாம் நிற்கவில்லை. சந்தையில் வாங்குகிறவனைப் பற்றியும் பேசினோம். நசிவு இலக்கியம் என்றோம். அதைப் படிப்பவர் நசிந்தவர் என்ற தொனி தானாகவே வந்து சேர்ந்தது. யார் அந்த வாசகர்? கண்டியிலும் கம்பளையிலும் புசல்லாவையிலும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்த குடும்பங்கள். லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் குப்பி விளக்கில் வாசிக்க, நாள் முழுதும் மலையில் நின்ற கால்களை நீட்டிக்கொண்டு கேட்டிருந்தவர்கள். அவர்களுடைய சம்பளத்துக்காக வாதாடிய நாம், அவர்களுடைய மாலைப்பொழுதைக் கண்டு முகம் சுளித்தோம். 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்ததும் சஞ்சிகைகள் திரும்பி வந்தன. வாசகர்களும் அவற்றிடம் திரும்பிப் போனார்கள். இடையில் கழிந்த ஆண்டுகளில் அவை ஏன் வேண்டாம் என்று நாம் அவர்களோடு அமர்ந்து பேசியிருக்கவில்லை. கிடைக்காமல் செய்ததையே பேசியதாக எண்ணிக்கொண்டோம்.

இங்கே ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். ஈழத்துத் தமிழ் நாவலின் பிறப்பே கண்டியோடு பிணைந்தது. 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதிய சித்திலெப்பை கண்டியில் பிறந்தவர், வழக்கறிஞர், ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவர், பள்ளிக்கூடங்களுக்காகப் பழமைவாதிகளின் ஏச்சைக் கேட்டவர். அவர் எழுதிய நாவலோ எகிப்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சுற்றித் திரியும் வீரதீரக் கதை. திருட்டுப்போன பிள்ளையின் கதை. நம் கடுமையான அளவுகோலை அன்று யாரேனும் வைத்திருந்தால் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கியிருப்பார்கள். சீர்திருத்தத்துக்காக உழைத்த அம்மனிதருக்குக் கதையின் இன்பத்தோடு பகை இருக்கவில்லை.

வகுப்பறைக்குத் திரும்புவோம். தமக்குள் ஏற்பட்ட ரசனைச் சண்டையைத் தீர்க்க மேலிடத்தை அழைத்த அம்மூவரும் தங்கள் கொப்பியையும் இழந்தார்கள் அல்லவா? இது தற்செயலன்று. 2020 பெப்ரவரியில் சீனாவில் இதுவே பேரளவில் நடந்தது. சியாவ் ஜான் என்னும் நடிகரைப் பாத்திரமாக வைத்து ஒருவர் எழுதிய ரசிகர் புனைவு, அந்நடிகரின் அபிமானிகள் பலருக்கு இழிவாகப் பட்டது. அவர்கள் திரண்டு அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அம்மாத முடிவிலேயே ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் புனைவுக் களஞ்சியம் முழுவதும் சீன வாசகர்க்கு எட்டாததாயிற்று. ரசிகர்களே 2007இல் அமைத்த இலாபநோக்கற்ற சங்கம் ஒன்று, விளம்பரம் ஏதுமின்றி நடத்திவரும் களஞ்சியம் அது. 2019இல் ஹியூகோ விருது பெற்றது. எந்தக் கதை நல்லது, எந்தக் கதை கெட்டது என்று அதிகாரம் ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. முறையிட்டவர்கள் ரசித்த கதைகளுக்கும் அதே பூட்டுத்தான். பிறகு கதைகளை இழந்தவர்களின் கோபம் அந்நடிகர்மீது திரும்பி, அவர் விளம்பரம் செய்த பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கமாயிற்று. தன்னைப் பற்றி யாரோ எழுதிய கதைக்கு அவர் என்ன செய்வார்!

கதையைப் பற்றிச் சண்டையிடுவதே தவறு என்று நாம் கூறவில்லை. சண்டை நம் மரபிலேயே இருக்கிறது. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறார்கள். மன்மதன் எரிகிறான், ரதி அழுகிறாள். தமிழ்நாட்டுக் காமன் பண்டிகையில் இதே கதைமீது லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடியக் கேள்வியும் பதிலுமாகப் பாட்டு நடக்கும். ஏச்சும் கேலியும் தாராளமாக உண்டு. ஆனால் எரியாத கட்சியைக் கேட்டுத் தலையாட்டுகிறவன் காமுகன் என்று எந்தப் பாடகனும் சபையைச் சுட்டிக்காட்டிப் பாடுவதில்லை. சபை கலைந்துவிட்டால் பாட்டைக் கேட்க ஆள் இராது என்பது அவனுக்குத் தெரியும்.

புதுமைப்பித்தன் 1943இல் ‘சாப விமோசனம்’ எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று அறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணத்தில் தோய்ந்தவர்களுக்கு இது பிடிக்காமலும் போகலாம் என்பதை அவர் கதையின் முகப்பிலேயே அறிவித்துவிட்டார். இக்காலத்து ரசிகர் புனைவு எழுதுவோரும் அதையே செய்கிறார்கள்; கதையில் இன்னின்ன உண்டு, விரும்பாதவர் விலகுக என்று முதலிலேயே எழுதி வைக்கிறார்கள். கல்கிக்கும் தொடர்ச்சி எழுதினார்கள். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’யை யாரும் குற்றமாகக் கருதவில்லை. அச்சில் வந்த ஆடவர் எழுதினால் வரலாற்று நாவல், கொப்பியில் மாணவி எழுதினால் ஒழுக்கக்கேடு என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

இனி, சிக்கலான இடத்துக்கு வருவோம். கொடுமையை வருணிக்கும் கதை ஒருவருக்கு இன்பம் தருகிறது என்றால், அந்த இன்பம் அவரைப் பற்றிய வாக்குமூலம் ஆகாதா?

கண்டி நகரின் நடுவே பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹராவில் அதன் ஊர்வலமும் செல்கிறது. பத்தினி நம் கண்ணகிதான். ஒரு நகரையே எரித்தவள். சிங்கள மக்கள் அவள் கதையைத் தமக்கேற்ப மாற்றி, மாங்கனியிலிருந்து பிறந்தவளாகச் சொல்லிக்கொண்டார்கள். (ரசிகர் புனைவு என்ற பெயர் அன்று இல்லை.) நோய் தீர்ப்பவளாக, மழை தருபவளாக அவளை வணங்குகிறார்கள். அங்கே கைகூப்பி நிற்கும் தாயைப் பார்த்து, நகரங்களை எரிப்பதில் விருப்பமுடையவள் என்று ஒருவன் கூறினால் அவனுடைய அறிவைப் பற்றியல்லவோ ஐயுறுவோம்? அடங்கிக் கிடக்க வேண்டிய இடத்தில் அடங்காத ஒருத்தியைக் கண்ட மனநிறைவு அந்த வணக்கத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கக்கூடும். அதற்கு எரிப்பில் விருப்பம் என்று பொருளன்று. துப்பறியும் நாவல்களை அடுக்கி வைத்துப் படிக்கும் ஓய்வூதியக்காரரைக் கொலைகாரர் என்று யாரும் சந்தேகிப்பதும் இல்லை. சந்தேகம் எப்போதும் ஒரு திசையிலேயே பாய்கிறது: பெண்களின் ரசனை, ஏழைகளின் ரசனை, இளையோரின் ரசனை.

அப்படியாயின் அவரவர் ரசனை அவரவர்க்கு என்று விட்டுவிடலாமா? முதலாளித்துவப் பதிப்பாளர்கள் விரும்பும் பதில் அது. நாம் அதை ஏற்பதற்கில்லை. ரசனை ஆகாயத்திலிருந்து விழுவதன்று. அறைந்த நாயகனையே அடுத்த காட்சியில் அணைத்துக்கொள்ளும் நாயகியைத் தமிழ்ச் சினிமா எத்தனை ஆண்டுகளாகக் காட்டி வருகிறது! பெண்களே பெண்களுக்காக எழுதும் இன்றைய தொடர்கதைகளிலும் ‘ஆன்டி ஹீரோ’ எனப்படும் கொடியவன் கொடிகட்டிப் பறக்கிறான். அதைப் படிக்கும் பெண்களுக்குள்ளேயே கசப்பான சண்டையும் நடக்கிறது. ஒரு தரப்பு மறுதரப்பை அடிமைப் புத்தி என்கிறது, மறுதரப்பு முன்னதைப் பாசாங்கு என்கிறது. அறைவதும் அன்பே என்று ஆயிரம் கதைகள் சொன்னால் அது பொதுப்புத்தியாகிவிடும் என்னும் அச்சம் வீண் அச்சமன்று. நந்தினிக் கொப்பியில் அந்த அறை விழும் பக்கத்தின் ஓரத்தில், படித்த தோழிகள் மூவர் வெவ்வேறு பேனாக்களால் சிறு இதயங்கள் வரைந்திருந்தார்கள். அதைக் கண்டு எமது வட்டத்தில் சிலர் மனம் நொந்தார்கள். நொந்தது சரியே.

ஆசிரியை அந்த மாணவியைத் தனியே அழைத்துக் கேட்டார்: “அடிச்சவன உன்னோட நந்தினி ஏன் மன்னிச்சா?” மாணவி சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னாளாம்: “அவன் அழுதுகிட்டுத் திரும்பி வாரானே, டீச்சர். இங்க அடிச்சவங்க யாரு அப்புடி வந்திருக்காங்க?”

இந்த மறுமொழியைக் கேட்டபின் கொப்பியை மீண்டும் படித்தோம். முதல் வாசிப்பில் நாமும் அறையையே கண்டிருந்தோம். அந்த ஓர இதயங்கள் அறை விழும் வரிக்கு நேரே இல்லை. ஆறேழு வரி தள்ளி, அவன் மழையில் லயத்து வாசலில் வந்து நிற்கும் வரிகளுக்கு நேரே இருந்தன. பிள்ளைகள் ரசித்தது வன்முறையையன்று. வன்முறைக்குப் பின் தாம் ஒருபோதும் கண்டிராத ஒன்றை. குற்றம் செய்தவன் குற்றத்தை ஒப்புக்கொள்வதை அவர்கள் ஒரு மாயக்கதையைப் போல ரசித்தார்கள். அதே கொப்பியில், கிழட்டுக் கங்காணிக்கு அவளை மணமுடித்த இரவைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது. கடனுக்காகப் பெண்ணைக் கொடுத்த தகப்பன் அவ்விரவில் எங்கே இருந்தான் என்று அவள் கேட்டிருக்கிறாள். கல்கி கேட்காத கேள்வி அது.

அந்த அறைக் காட்சியை நாம் இன்னும் ஏற்கவில்லை. அறையாமலே அழுது வரும் ஆடவனைக் கற்பனை செய்ய அவளால் ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆசிரியை கேட்கவும் போகிறார். ஆனால் அந்தக் கேள்வியைக் கதையைப் படித்தவர் கேட்கலாம். கொப்பியைப் பறித்தவர் கேட்க முடியாது. கேட்டால் விடை வராது.

மார்க்ஸ் ஒரு தொடர்கதைக்கு நீண்ட விமர்சனம் எழுதியிருக்கிறார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். 1842, 1843ஆம் ஆண்டுகளில் யூஜின் சூ என்பவர் பாரிஸ் நாளிதழொன்றில் ‘பாரிஸ் மர்மங்கள்’ என்னும் கதையை எழுதிவந்தார். நகரமே அதைப் படித்தது. கதையை இப்படி நடத்து, அவளைக் காப்பாற்று என்று வாசகர்கள் நூற்றுக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதினர். அவர்களில் தொழிலாளரும் இருந்தனர். கதையில் ஃபிளர் தெ மாரி என்றொரு பெண். விபசாரத்தில் தள்ளப்பட்டவள், ஆயினும் தொடக்கத்தில் சிரிப்பும் துணிவும் உள்ளவள், வயல்வெளியையும் மலர்களையும் கண்டால் குழந்தையாகிவிடுபவள். அவளை மீட்க வந்த இளவரசனும் பாதிரியாரும் அவள் உள்ளத்தில் பாவ உணர்வை ஊன்றுகிறார்கள். அவள் வருந்துகிறாள், கன்னிமாடம் புகுகிறாள், சாகிறாள். 1845இல் வெளியான ‘புனிதக் குடும்பம்’ நூலில் மார்க்ஸ் இதைப் படிப்படியாக எடுத்துக்காட்டினார். சேற்றில் கிடந்தபோதும் அழியாத அவளுடைய மனிதத்தன்மையை அழித்தது ஒழுக்கமே என்று காட்டினார். அக்கதையை மெச்சி எழுதிய விமர்சகரை அவர் விடவில்லை, ஆசிரியரையும் விடவில்லை. கதையைப் படித்துக் கண்ணீர் வடித்த தையற்காரிகளை நோக்கி அவர் விரல் நீட்டவில்லை. மலிவான தொடர்கதையை வரி வரியாகப் படிப்பதைக் கௌரவக் குறைவாகவும் அவர் எண்ணவில்லை. பின்னாளில் கிராம்ஷி சிறையிலிருந்து எழுதிய குறிப்புகளிலும், மக்கள் ஏன் இத்தகைய தொடர்களை நாடுகிறார்கள் என்பது ஆராயத்தக்க கேள்வியாகவே வருகிறது.

இவற்றையெல்லாம் எமது வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் இடைமறித்தார். காட்டிக்கொடுத்த மூவரையும் நாம் மறந்துவிட்டோம் என்றார். நந்தினிக்காரியின் ரசனைக்குக் காரணம் தேடும் நாம், குந்தவைக்காரிகளின் கண்டிப்புக்கு ஏன் காரணம் தேடவில்லை? அவர்களைப் பொறாமைக்காரிகள், ஒழுக்கப் பாசாங்குக்காரிகள் என்று முடிவுகட்டினால் நாமும் அதே நீதிபீடத்தில் அமர்ந்தவர்கள் ஆகமாட்டோமா?

உண்மையில் இக்கேள்விக்கே எமக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து உயர்தர வகுப்புவரை வந்த பெண்பிள்ளை எத்தகைய நூலிழையில் நிற்கிறாள்! ஒரு பேச்சு எழுந்தால் போதும்; அவள் படிப்பு நின்றுவிடும். கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்பிவிடுவார்கள். அல்லது மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவளுக்குள்ள ஒரே சொத்து நல்ல பெயர். அந்த மூவரும் கதை எழுதுகிறவர்கள் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். நந்தினிக் கொப்பி வெளியே வந்தால் கதை எழுதும் பெண்கள் எல்லாரும் ஒரே கணக்கில் சேர்க்கப்படுவார்கள். அவ்வாறு நேருமுன் தாங்கள் அந்த இனமல்ல என்று நிரூபிக்க விரைந்தார்கள். அவர்களில் ஒருத்தி பின்னர் ஆசிரியையிடம், தன் தகப்பனார் கேள்விப்படுமுன் தான் முந்திக்கொள்ள எண்ணியதாகச் சொல்லி அழுதாளாம். பயத்தில் பேசிய பேச்சு ஒழுக்கத்தின் குரலில் வந்திருக்கிறது. இந்தக் குரலை நாம் பிள்ளைகளிடம் மட்டுந்தான் கேட்டிருக்கிறோமா? ‘நசிவு’ என்று ஒருவர் உரக்கக் கூறியபோது, தம் வீட்டு அலுமாரியிலிருந்த தொடர்கதைக் கட்டை உள்ளே தள்ளிவிட்டு அவரினும் உரக்கக் கூறிய தோழர்கள் எத்தனை பேர்! எமது வட்டத்திலேயே இருவர் இதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தம் தாயார் தைத்து வைத்திருந்த ‘பொன்னியின் செல்வன்’ கட்டை அந்நாளில் ஒளித்து வைத்தே படித்ததாகச் சொன்னார். இப்போதும் அது அவரிடம் இருக்கிறது.

பயமே காரணம் என்றால், அதைப் போக்கும் வேலை ஆசிரியர்களிடம் அல்லவா வந்து சேர்கிறது? நம் பாடசாலைகளில் பிள்ளைகள் எழுதுவதைக் கையில் வாங்கிப் படிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோமா? தமிழ்த் தினப் போட்டிக்கு எழுதும் கட்டுரையைத் திருத்துகிறோம். அது நமக்காக எழுதப்படுவது. அவர்கள் தமக்காக எழுதுவது ‘கணிதம்’ என்ற அட்டைக்குள் ஒளிந்துகொள்கிறது. இந்த ஆசிரியை இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். விரும்பியவர் விரும்பிய கதையைப் பற்றிப் பேசலாம். கதையை எவ்வளவு கடுமையாகவும் தாக்கலாம். அதை விரும்பியவரைப் பற்றி மட்டும் வாய் திறக்கக்கூடாது. முதல் இரண்டு வாரமும் யாரும் பேசவில்லையாம். மூன்றாம் வாரம் குந்தவை பணக்காரி என்பதால்தான் நல்லவளாக இருக்க முடிந்தது என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொல்ல, மணியடித்த பின்னும் சண்டை ஓயவில்லை.

நந்தினிக் கதையிலிருந்து இரண்டு பக்கங்களையேனும் இவ்விதழில் வெளியிட விரும்பி, ஆசிரியை மூலம் மாணவியின் இசைவைக் கேட்டோம். கொப்பியைப் பற்றி எழுதிக்கொள்ளலாம், கதையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மற்ற மூவருடைய கொப்பியும் திரும்பக் கிடைத்த பிறகு வேண்டுமானால் கேட்கட்டும் என்றாளாம். அந்தக் கொப்பி இன்னும் அதிபரின் அலுமாரியில் இருக்கிறது.